அடுத்தவர் விலாசத்தில் எழுதுகிறவர்: குடும்பப் புத்தகத்துக்கு ஆள் அமர்த்தும் முன்

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் குடும்பப் புத்தகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு சாந்தியை, அதாவது வயது நிறைவு விழாவை, ஒட்டித்தான் கிளம்புகிறது. ஐயாவுக்கு எண்பது நிறைகிறது. சதாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் கையில் தாம்பூலப் பையோடு ஒரு புத்தகமும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்குத் தோன்றும். ஐயாவுக்குச் சொல்லத் தெரியும், உட்கார்ந்து எழுத முடியாது. பேரனுக்கு எழுதவும் வராது, நேரமும் இல்லை. சொல்லச் சொல்லக் கேட்டு எழுதித் தர ஓர் ஆளைத் தேடத் தொடங்கும்போது விழாவுக்கு மூன்று மாதம்தான் இருக்கும்.

மூன்று மாதத்தில் முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெமி அளவில் 13 ஃபாரம் (ஃபாரத்துக்கு 16 பக்கம்), அதாவது 208 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் வீதம் 40,000 சொல் வேண்டும். வயதானவர் நிதானமாகப் பேசினால் ஒரு மணி நேரத்தில் சுமார் 5,000 சொல் வரும். அதில் திரும்பச் சொன்னது, பாதியில் விட்டது, “அவன் யாரு, நம்ம கண்டனூரான் மருமகன்...” என்று ஆளை நினைவுபடுத்திக்கொண்டது எல்லாம் போகப் புத்தகத்துக்குத் தேறுவது 1,800 சொல். ஆக 22 மணி நேரப் பதிவு தேவை. ஒரு மணி நேர ஒலியைக் கேட்டு எழுதக் குறைந்தது ஐந்து மணி நேரம் பிடிக்கும். அது 110 மணி. நாளைக்கு ஆயிரம் சொல் திருத்தமாக எழுதுவது நல்ல வேகம். நாளைக்கு ஆறு மணி வீதம் 40 நாளுக்கு 240 மணி. திருத்தத்துக்கு இன்னொரு 60. பதிவு நேரம் 22 மணியையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 430 மணி, எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் 54 நாள்.

நாட்காட்டியில் இது இன்னும் நீளும். எண்பது வயதுக்காரரை ஒரு தடவைக்கு ஒன்றரை மணிக்கு மேல் பேசவைக்கக் கூடாது. வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் பதிவுக்கே எட்டு வாரம். எழுத எட்டு வாரம், குடும்பத்தார் படிக்க ஒரு மாதம், திருத்த இரண்டு வாரம், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஆறு வாரம். இடையில் காய்ச்சல் வரும், கல்யாண மாதம் வரும். எட்டு மாதம் வைத்துக்கொள்வதுதான் நியாயம். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் 4 ஃபாரத்தில், 64 பக்கத்தில், படங்கள் கூடிய சிறு நூலாகச் செய்துவிடலாம். அதற்கு ஆறேழு மணி நேரப் பதிவு போதும். அவசரத்தில் அடித்த 208 பக்கத்தைவிட நிதானமாகச் செய்த 64 பக்கம் எவ்வளவோ மேல்.

இந்த 54 நாள் கணக்கு கூலி பேசவும் உதவும். ஒருவர் கேட்கும் தொகையை 54-ஆல் வகுத்து, வீட்டுக்கு வேலைக்கு வரும் ஆசாரியின் நாள் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் கீழே நின்றால், அவர் அந்த நாள்களைச் செலவழிக்கப் போவதில்லை என்று பொருள். பதிவை மேலோட்டமாகக் கேட்டுவிட்டு, மீதியைப் பொதுவான வாக்கியங்களால் நிரப்புவார். இப்போது அந்த நிரப்பு வேலையைக் கணினியே செய்து தருகிறது என்பதால் இன்னும் கவனம் தேவை.

ஏஜெண்டு முறை

அடுத்தவருக்காக அவர் பெயரில் எழுதித் தருபவரைக் கோஸ்ட் ரைட்டர் என்பார்கள். சொல் புதிதாக இருக்கலாம். வேலை முறை செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய ஏஜெண்டு தன் பெயரில் வியாபாரம் செய்யவில்லை. முதலாளியின் விலாசத்தில், அதாவது அவர் குடும்பத்தின் வியாபாரப் பெயரில், கொடுத்தார், வாங்கினார், வழக்காடினார். மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம். ஊருக்கு ஒழுங்காகக் கடிதம். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். எவ்வளவு வரை அவரே தீர்மானிக்கலாம், எதற்கு ஊரைக் கேட்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். எழுதித் தருபவரும் அப்படித்தான் அடுத்தவர் விலாசத்தில் எழுதுகிறார். அந்தக் காலத்தில் ஏஜெண்டை அனுப்பும் முன் பேசிக்கொண்ட அத்தனையையும் இங்கேயும் பேசிக்கொள்ள வேண்டும். பேசாமல் விடுவதில்தான் முக்கால்வாசித் தகராறு பிறக்கிறது.

முதல் கேள்வி, முதலாளி யார்? பணம் தருவது மகன், கதை தகப்பனார் அப்பச்சியுடையது, எழுதும் ஆளைக் கண்டுபிடித்தது மருமகள். அத்தியாயம் வந்ததும் மூன்று பேரும் மூன்று விதமாகத் திருத்தச் சொல்வார்கள். பின்னால் பங்காளி ஒருவர், “எங்க வீட்டுப் பங்கைப் பத்தி ஒரு வரி இல்லையே” என்பார். ஆளைத் தேடும் முன்பே, இறுதிச் சொல் இவருடையது என்று ஒரே ஒருவரைக் குறித்துவிடுங்கள். மற்றவர்கள் திருத்தம் எல்லாம் அவர் வழியாகத்தான் எழுதுகிறவருக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, எவை புத்தகத்துக்குள் வரக் கூடாதவை? பாகப்பிரிவினை வழக்கு, பிள்ளை கூட்டிக்கொண்டதில் (தத்தெடுத்ததில்) வந்த மனக்கசப்பு, நொடித்துப்போன கடை, கொண்டுவிற்கப் (வெளிநாட்டு வியாபாரத்துக்குப்) போன ஊரில் அமைந்த இன்னொரு குடும்பம். இவற்றில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது குடும்பத்தின் முடிவு. ஆனால் எழுதுகிறவரிடம் மறைக்காதீர்கள். விட வேண்டியது எது என்று தெரிந்தால்தான் அதைச் சுற்றி ஓட்டை தெரியாமல் எழுத முடியும். தெரியாவிட்டால், ‘1955-இல் திடீரென்று தேவகோட்டைக்குக் குடிபெயர்ந்தார்கள்’ என்று எழுதிவைப்பார். படிக்கிற ஊரார் அந்தத் ‘திடீர்’ என்ற சொல்லிலேயே மீதியைப் படித்துவிடுவார்கள். இறந்தவர்தானே என்று ஒருவரைத் தாழ்த்தி எழுதுவதும் ஆபத்து. குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு இறந்தவரைப் பழித்தால் அதுவும் அவதூறாகலாம் என்கிறது நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு.

மூன்றாவது, வம்ச வரைபடம். இதை எழுதுகிறவர் தலையில் கட்டாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து நீங்களே போடுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று இராமநாதன், இரண்டு சிதம்பரம் இருப்பது சர்வசாதாரணம். எந்த இராமநாதன் 1930-இல் ரங்கூனில் இருந்தார் என்று வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒவ்வொருவருக்கும் விலாசம், ஊர், சார்ந்த கோயில், பிறந்த வருஷம், கல்யாணமான வீடு ஆகியவற்றைக் குறியுங்கள். பிள்ளை வந்தவர் என்றால் பிறந்த வீடு, வந்த வீடு இரண்டும் வேண்டும். வரைபடம் இல்லாமல் தொடங்கிய புத்தகத்தில் தாத்தாவின் கடனைப் பேரன் அடைக்கும் வினோதம் கட்டாயம் நடக்கும்.

ஆள் எங்கே கிடைப்பார்

இதற்கென்று பலகை மாட்டிய கடை எதுவும் காரைக்குடியில் இல்லை. நல்ல தன்வரலாறு ஒன்றைக் கையில் எடுத்து முன்பக்கங்களைப் பாருங்கள். ‘தொகுப்பு’, ‘எழுத்தாக்கம்’ என்று சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். இல்லாவிட்டால் நன்றியுரையில் கடைசிக்கு முந்திய வரியில் இருக்கும். அவர்தான் நீங்கள் தேடும் ஆள். பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் யார் யாருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது தெரியும். தமிழ்ப் பதிப்புலகில் சக்தி காரியாலயம் நடத்திய ராயவரம் வை. கோவிந்தன் காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துக்காரர்கள் நிறைய உண்டு, ஆகையால் விசாரிக்க ஏதாவது ஓர் உறவு வழி கிடைத்துவிடும். வார, மாத இதழ்களில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் நல்ல தேர்வு: பேட்டி எடுத்துப் பழக்கம், கெடுவுக்கு எழுதிப் பழக்கம். அழகப்பா பல்கலைக்கழகத்தில் நகரத்தார் வரலாற்றிலோ வட்டார வழக்கிலோ ஆய்வு செய்தவர்கள் பின்னணி தெரிந்தவர்கள். ஆனால் அடிக்குறிப்பு நடையிலிருந்து அவர்களை இறக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியரைத்தான் பல வீடுகளில் முதலில் நினைப்பார்கள். பிழையில்லாமல் எழுதுவார், சந்தேகமில்லை. ஆனால் “கப்பல்ல ஏறுனப்ப கையில ஒத்தப் பெட்டிதான்” என்று ஐயா சொன்னதை ‘கலமேறுங்கால் கரமதனில் ஒரு பெட்டகமே’ என்று ஆக்கிவிட்டால் அந்தப் புத்தகத்தில் ஐயா இருக்க மாட்டார். எல்லா ஆசிரியர்களும் இப்படி இல்லைதான், இருந்தாலும் சோதிக்காமல் அமர்த்த வேண்டாம்.

சோதனை எளிது. ஒரு மணி நேரப் பதிவு ஒன்றை இரண்டு அல்லது மூன்று பேரிடம் கொடுத்து, 1,500 சொல்லில் ஓர் அத்தியாயம் கேளுங்கள். இதற்குப் பணம் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கேட்டால் நல்லவர்கள் வர மாட்டார்கள். வந்ததை வீட்டில் யாராவது உரக்கப் படிக்கட்டும். ஐயா குரல் கேட்கிறதா? பதிவில் இல்லாதது ஏதாவது நுழைந்திருக்கிறதா? ‘கண்கள் பனிக்க’, ‘நெஞ்சம் விம்ம’ என்று ஐயா சொல்லாத உணர்ச்சி வந்திருந்தால் அவர் மற்ற இடங்களிலும் கைச்சரக்குச் சேர்ப்பார். முக்கியமானது, எழுதும் முன் திரும்ப வந்து கேள்வி கேட்டாரா? பாரதம் எழுத உட்கார்ந்த பிள்ளையார் நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்றார்; பொருள் புரியாமல் எழுதக் கூடாது என்று வியாசர் பதில் நிபந்தனை வைத்தார். பிள்ளையார்பட்டியை வைத்துக்கொண்டிருக்கும் சீமையில் அந்த இரண்டாம் நிபந்தனையை மறக்கலாமா?

புரிதல் என்றால் இங்கே முதலில் சொல்தான். ஆயா என்றால் நமக்கு அம்மாவைப் பெற்றவள். சென்னையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர். அப்பச்சி நமக்குத் தகப்பனார். கொங்கு நாட்டில் அம்மாவின் அப்பா. புள்ளி என்பது கோயிலில் கணக்கில் வரும் ஒரு குடும்பம் என்று தெரியாதவருக்கு ‘எங்கள் ஊரில் நூறு புள்ளி’ என்பது விளங்காது. கடைப் பொறுப்பில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. கணினியின் பிழைதிருத்தி மேலாளை ‘மேலாளர்’ ஆக்கிவிடும். நடப்பு வட்டி, தவணை வட்டி என்பவை தனித்தனிக் கணக்கு. பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் தடுக்கி விழுவதும் இந்த இடங்களில்தான். நூறு, நூற்றைம்பது சொல்லுக்கு ஒரு பட்டியல் போட்டு முதல் நாளே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பதிவை எந்தச் செயலியில் ஏற்றுகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப ரகசியம் அதற்குள் இருக்கிறது.

ஒப்பந்தச் சீட்டில் என்ன எழுத வேண்டும்

பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசினால் பக்கம் ஊதும். மொத்தத் தொகை ஒன்று பேசி, சொல் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதே நல்லது. அதில் போக்குவரத்து, தங்கல், ஒலியை எழுத்தாக்கும் வேலை, மெய்ப்பு ஆகியவை அடக்கமா என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பணத்தைத் தேதிக்குக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுங்கள்: முன்பணம் 20 விழுக்காடு, பதிவு முடிந்து அத்தியாயப் பட்டியல் வந்ததும் 30, முழு முதல் வரைவுக்கு 30, இறுதிப் படிக்கு 20. திருத்தம் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கூலி. இந்த ஒரு வரி இருந்தால் குடும்பத்தார் முதல் சுற்றிலேயே ஒழுங்காகப் படிப்பார்கள். நடுவில் ஐயா காலமாகிவிட்டால், அல்லது எழுதுகிறவர் விலகினால், அதுவரை செய்ததற்கு எவ்வளவு, பதிவுகள் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பலரும் சறுக்குவது பதிப்புரிமையில். பணம் கொடுத்து எழுதச் சொன்னதால் எழுத்து நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எழுதியவரையே முதல் உரிமையாளர் என்கிறது. மாதச் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் தன் வேலையாக எழுதியது முதலாளியைச் சேரும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் வரையச் சொன்ன உருவப்படமும் பணம் கொடுத்தவரைச் சேரும். கூலி பேசி வெளியாள் எழுதிய புத்தகம் இந்த விலக்குகளில் வராது. உரிமை உங்களுக்கு வர வேண்டுமானால் 19-ஆம் பிரிவின்படி எழுத்தில், அவர் கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். ரகசியம் காப்பேன் என்று மட்டும் கையெழுத்து வாங்கினால் உரிமை மாறாது. மாற்றும்போது காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். பாதிக் குடும்பம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நமக்கு ‘உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், மொழிபெயர்ப்பும் மின்னூலும் ஒலிநூலும் உள்பட’ என்ற வரி அவசியம். இன்னொரு பொறியும் உண்டு: வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், மாற்றிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாதபோது அது கைவிட்டுப் போகும். விழா தள்ளிப்போய்ப் புத்தகம் பெட்டியில் கிடக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும், எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் தார்மிக உரிமை 57-ஆம் பிரிவின்படி எழுதியவரிடம் இருக்கிறது. பெயர் வராது என்பதை அவர் சம்மதத்தோடு தெளிவாக எழுதிக்கொள்ளலாம். ஆனாலும் நன்றியுரையில் ஒரு வரி, அல்லது உள்பக்கத்தில் ‘கேட்டு எழுதியவர்’ என்று ஒரு பெயர் போடுவதால் ஐயாவின் பெருமை குறையாது. எழுதியவருக்கும் மனக்குறை இருக்காது.

பதிவு, ஆவணம், தேதி

உயரமான கூரையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உள்ள பட்டாசாலையில் உட்கார்ந்து பதிவு செய்தால் பேச்சு முழுவதும் எதிரொலிக்கும். சின்ன அறையாகப் பார்த்து, பாயும் மெத்தையும் விரித்து, மின்விசிறியை நிறுத்தி அல்லது மெதுவாக வைத்து, சட்டையில் மாட்டும் மைக்கோடு ஒரு கருவி, தள்ளி வைத்த கைபேசியில் இன்னொரு பதிவு என்று இரண்டாகச் செய்யுங்கள். அன்றே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். காலைப் பலகாரத்துக்குப் பிறகுதான் நினைவு தெளிவாக இருக்கும். ‘உங்க இளமைக் காலத்தைப் பத்திச் சொல்லுங்க’ என்றால் மூன்று வரியோடு நின்றுவிடும். பெட்டகசாலையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்து முன்னால் வைத்தால் அரை மணி நேரம் ஓடும்.

22 மணி நேரத்தில் ஐந்தாறு மணியாவது ஆச்சிகளுக்கு ஒதுக்க வேண்டும். ஆண்கள் மூன்று வருஷக் கணக்குக்கு வெளிநாடு போன வருஷங்களில் வீட்டையும் பிள்ளைகளையும் கொடுக்கல் வாங்கலையும் நடத்தியவர்கள் அவர்கள். பெரும்பாலான குடும்பப் புத்தகங்களில் அவர்கள் கல்யாணப் படத்தோடு முடிந்துவிடுகிறார்கள். ஆண் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்டால் சில ஆச்சிகள் பேச மாட்டார்கள். பேத்தி கேட்கட்டும், எழுதுகிறவர் பதிவைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆவணங்களில் பேரேடு, ஐந்தொகை, முறைச் சிட்டை (சீர்வரிசைப் பட்டியல்), இசைகுடிமானம் (கல்யாணப் பதிவுச் சீட்டு), கடிதங்கள் ஆகியவை முக்கியம். பழைய கணக்குகளில் தமிழ் எண்ணும் பின்னக் குறியும் வரும். எழுதுகிறவருக்குப் படிக்கத் தெரியுமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வருஷத்தில் எச்சரிக்கை தேவை. ‘விஷு வருஷம்’ என்று இருந்தால் அது 1881-82 ஆகவும் இருக்கலாம், 1941-42 ஆகவும் இருக்கலாம். ‘விஷு மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது’ என்று ஐயா சொன்னால் ஐயமில்லை: முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஊர் ஜப்பானியரிடம் விழுந்தது 1942 மார்ச் 8, அதுவும் விஷு மாசிதான். ‘சித்திரபானுவில் ரங்கூனை விட்டுக் கிளம்பினோம்’ என்றால் அது அடுத்த வருஷம், 1942 சித்திரைக்குப் பிறகு, ஊர் கைமாறியான பின். அங்கே நின்று திரும்பக் கேட்க வேண்டும். நினைவு தவறியிருக்கலாம், அல்லது ரங்கூனைவிட உள்ளே வேறோர் ஊரிலிருந்து கிளம்பியிருக்கலாம். அப்படி விசாரித்தால் பல சமயம் புதிதாக ஓர் அத்தியாயமே கிடைக்கும். கடிதத்தை அப்படியே அச்சிடும் முன் ஒன்று: தாள் உங்களிடம் இருந்தாலும், கடித வாசகத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. வெளியார் எழுதியது என்றால் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வரைவை ஐயாவுக்குக் கைபேசியில் அனுப்பாதீர்கள். 16 புள்ளி அளவுள்ள பெரிய எழுத்தில் அச்செடுத்து, வரிக்கு நடுவே இடம் விட்டு, அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் காட்டுங்கள். பெயர், விலாசம், ஊர், தேதி ஆகிய நான்கையும் வம்ச வரைபடத்தோடு ஒப்பிட எழுத்தில் சம்பந்தப்படாத ஒருவரை வையுங்கள். பல தடவை படித்த கண்ணுக்குப் பிழை தெரியாது. சாந்தியன்று மேடையில் வைத்து முதல் பிரதி கொடுக்கும்போது சம்பந்தி வீட்டு விலாசம் தப்பாக இருந்தால், அடுத்த பத்து வருஷம் அதுதான் பேச்சு.

விற்பனைக்கும் போகிற புத்தகம் என்றால் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தனியாள்கூட ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் கட்டணமில்லாமல் பெறலாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். இன்னொரு பிரதியை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பலாம். கோட்டையூரில் ஒரு வீட்டில் தனி மனிதர் சேர்த்த நூல்களிலிருந்து வளர்ந்து, 1994 முதல் சென்னையில் இயங்குகிறது அது. ஐயாவின் முழுப் பதிவும் எழுத்தாக்கிய தாள்களும் வெட்டுப்பட்ட அத்தியாயங்களும், ஒப்பந்தத்தில் எழுதியபடி, எழுதுகிறவரிடமிருந்து உங்கள் கைக்கு வந்து சேர்ந்த பிறகு கடைசி 20 விழுக்காட்டைக் கொடுங்கள்.